மூடிய படுக்கையறையும் காலைத் தலைவலியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வீடுகளிலும் சிறிய அலுவலகங்களிலும் காற்றோட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இது ஒரு குடும்பத்தின் படுக்கையறையைப் பற்றிய பதிவு. முதல் தொலைபேசி அழைப்பிலிருந்து கடைசி அளவீடு வரை ஏழு மாதம் ஆயிற்று. காற்று சம்பந்தப்பட்ட வேலை அதில் ஆறே வாரம்தான். மீதி மாதங்கள் எதற்குப் போயின என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். யார் என்று அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டிருக்கிறேன்.

பின்னணி

நாற்பது வயதை ஒட்டிய கணவன், மனைவி. ஆறு வயது மகள். மூன்று பேரும் ஒரே அறையில் தூங்குகிறார்கள். கணவரின் தாயாருக்குத் தனி அறை. அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது தளம். படுக்கையறையின் ஒரே ஜன்னல் சாலையைப் பார்த்தது. அதற்குக் கீழே வாகனம் நிறுத்துமிடம். அறை மூன்றரை மீட்டருக்கு மூன்று மீட்டர், உயரம் மூன்று மீட்டர். அதாவது சுமார் 31 கன மீட்டர் காற்று. ஒட்டியே ஒரு குளியலறை.

சாலைச் சத்தம், தூசி, கொசு என்று ஒவ்வொரு காரணமாகச் சேர்ந்து, ஜன்னலைத் திறந்தே இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரவு முழுக்க ஸ்ப்ளிட் ஏசி ஓடும். குளிர் வெளியே போகக்கூடாது என்று கதவின் அடியில் ரப்பர் பட்டையும் ஒட்டியிருந்தார்கள். நான் போவதற்கு நான்கு மாதம் முன்பு, அழுத்திய மரத்தூள் பலகையில் செய்த புது அலமாரி ஒன்று அந்த அறைக்கு வந்திருந்தது.

மனைவிக்கு வாரத்தில் நான்கைந்து காலை தலை பாரமாக இருக்கும். வெளியே கிளம்பி ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும். மகள் இரவில் இரண்டு மூன்று முறை புரண்டு எழுந்து உட்காருவாள். கணவருக்குக் காலையில் வாய் உலர்ந்திருக்கும், மதியம் கண் சொருகும். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "எனக்கு எங்க படுத்தாலும் தூக்கம் வந்துடும் சார், இவங்க ரெண்டு பேருக்கும்தான் பிரச்சினை" என்றார் முதல் நாளிலேயே. பிறகு இந்த வாக்கியத்துக்குத் திரும்பி வருகிறேன்.

என்னை அழைப்பதற்கு முன்பே அவர்கள் ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கிவிட்டார்கள். அதன் முகப்பில் எப்போதும் பச்சை விளக்கு. காற்று சுத்தமாகத்தான் இருக்கிறது, பிறகு ஏன் தலைவலி என்பதுதான் மனைவியின் கேள்வி.

முதல் நாள் பார்த்தவை

பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை. அது அளப்பது நுண்துகளை மட்டும். சுத்திகரிப்பானுக்குள் இருக்கும் ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும். அந்த அறையில் பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள், கன மீட்டருக்கு 10 முதல் 12 மைக்ரோகிராம்தான் இருந்தது. ஆனால் மனிதர் விடும் மூச்சில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயு. எந்த ஹெப்பாவும் அதைத் தொடாது. ஸ்ப்ளிட் ஏசியும் அப்படித்தான். அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர வைத்துத் திரும்ப விடுகிறதே தவிர, வெளிக்காற்று ஒரு மடக்குகூட உள்ளே கொண்டுவராது. ஏசி ஓடினால் புதுக்காற்று வருகிறது என்று நினைப்பவர்களை நான் வாராவாரம் சந்திக்கிறேன். படித்தவர், படிக்காதவர் என்ற வித்தியாசமே இதில் கிடையாது.

மேசைமேல் இன்னொரு சிறிய கருவி இருந்தது. கார்பன் டை ஆக்சைடு 640 பிபிஎம், அதாவது காற்றின் பத்து லட்சம் பங்கில் 640 பங்கு, என்று காட்டியது. சந்தேகத்தில் பக்கத்தில் இருந்த வாசனைத் தெளிப்பானை ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். எண் 1,800-க்கு ஏறியது. இது கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவியே இல்லை. காற்றில் கலந்த கரிம ஆவிகளை அளந்து, அதை வைத்து ஒரு மதிப்பீட்டு எண்ணைக் காட்டுகிறது. அகச்சிவப்பு ஒளியை வைத்து நேரடியாக அளக்கும் கருவி வேறு. இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எதை வாங்கினாலும் முதலில் திறந்த வெளியில் கால் மணி நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். 420, 450 பிபிஎம் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். என் கருவியை அன்று மொட்டை மாடியில் வைத்தபோது 438 காட்டியது.

எடுத்த முதல் முடிவு

காலைத் தலைவலி, வீட்டை விட்டு வெளியே போனால் குறைகிறது என்று யார் சொன்னாலும், நான் முதலில் பார்ப்பது கார்பன் மோனாக்சைடு. பெயர் ஒரே மாதிரி இருப்பதால் பலர் இதையும் கார்பன் டை ஆக்சைடையும் குழப்பிக்கொள்கிறார்கள். மோனாக்சைடு அரைகுறையாக எரியும் நெருப்பிலிருந்து வருவது. நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்துகொள்ளும். தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

இங்கே குளியலறையில் இருந்தது மின்சார வெந்நீர்க் கருவி. சமையலறை தூரத்தில். ஆனால் ஜன்னலுக்குக் கீழே வண்டிகள் நிற்கின்றன, விடியற்காலையில் அவற்றை உறும விடுகிறார்கள். ஆகவே எச்சரிக்கைக் கருவியை இரண்டு இரவு வைத்தேன். எண் பூஜ்யத்தை விட்டு நகரவில்லை. அதன் பிறகுதான் மற்ற வேலை. எச்சரிக்கைக் கருவியை அங்கேயே நிரந்தரமாக மாட்டச் சொன்னேன்.

புது அலமாரியின் கதவைத் திறந்தால் கண் லேசாகக் கரித்தது. இந்தப் பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து ஃபார்மால்டிஹைட் மெல்ல மெல்லக் கசியும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் கசிவும் கூடும். பல மாதங்களில் தானாகக் குறைந்துவிடும். நம்பகமாக அதை அளக்க என்னிடம் கருவி இல்லை. ஆளில்லாத பகல் வேளைகளில் அலமாரியின் கதவுகளையும் அறை ஜன்னலையும் திறந்துவைக்கச் சொன்னேன். இதை முதல் நாளே சொன்னது ஒரு வகையில் தவறு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஐந்து இரவுகள், எதையும் மாற்றாமல்

வழக்கம்போலவே தூங்கச் சொல்லிவிட்டு, ஐந்து இரவு அளந்தேன். கருவியைத் தலையணையிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, மேசை உயரத்தில் வைத்தோம். முகத்துக்கு அருகில் வைத்தால் மூச்சையே அளக்கும். திரையைக் காகிதத்தால் மூடி ஒட்டினேன். எண்ணைப் பார்த்தவருக்கு அதற்குத் தக்கபடி தலை வலிக்கும், இது என் அனுபவம். பெரியவர்கள் இருவருக்கும் ஒரு குறிப்பேடு. எத்தனை முறை விழித்தார்கள், எழுந்ததும் தலைவலி உண்டா, தூக்கத்துக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண், கடைசியில் "மற்றவை" என்று ஒரு கட்டம்.

கார்பன் டை ஆக்சைடின் ஐந்து இரவுச் சராசரி, பிபிஎம் கணக்கில், இப்படி இருந்தது. பத்தேகால் மணிக்குக் கதவை மூடும்போது 700. நள்ளிரவில் 1,900. இரண்டு மணிக்கு 2,550. காலை ஆறு மணிக்கு 2,950. வெப்பநிலை 24-ஐ ஒட்டி, ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம்.

இந்த எண்ணில் மர்மம் ஒன்றுமில்லை, கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். நாம் வெளியே விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 40,000 பிபிஎம். தூங்கும் பெரியவர் ஒருவர் மணிக்கு 12, 13 லிட்டர் விடுகிறார். குழந்தை அதில் பாதி. மூன்று பேருக்கும் சேர்த்து 33 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். 31 கன மீட்டர் என்பது 31,000 லிட்டர். முற்றிலும் அடைத்த அறையாக இருந்தால் மணிக்கு ஆயிரம் பிபிஎம் ஏற வேண்டும். இங்கே ஏறிய வேகத்தையும் கடைசியில் தட்டையாக நின்றதையும் வைத்துப் பார்த்தால், ஒரு மணி நேரத்தில் அறைக்காற்றில் பாதிகூட மாறவில்லை. சந்து பொந்து வழியாகக் கசிந்தது மட்டும்தான் அவர்களுக்குக் கிடைத்த புதுக்காற்று.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2,950 பிபிஎம் விஷமல்ல. தொழிற்கூடங்களில் எட்டு மணி நேர வேலைக்கு வைத்திருக்கும் வரம்பே 5,000. பலரும் மேற்கோள் காட்டும் 1,000 என்ற எண் 1858-இல் ஜெர்மானிய அறிஞர் மேக்ஸ் வான் பெட்டன்கோஃபர் சொன்னது. கார்பன் டை ஆக்சைடு கெடுதல் என்று அவர் சொல்லவில்லை. ஆட்கள் இருக்கும் அறையில் காற்று எவ்வளவு பழசாகியிருக்கிறது என்பதற்கு அதை ஓர் அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்றார். மூச்சோடும் உடலோடும் சேர்ந்து வரும் மற்ற ஆவிகள், ஈரம், சூடு எல்லாம் அதே அளவுக்குத் தேங்கியிருக்கும் என்பது அதன் பொருள். பழைய காற்றில் தூக்கத்தைக் கெடுப்பது இவற்றில் எது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு ஆய்வுகள் இன்னும் வரவில்லை.

ஆனால் மொத்தமாகப் பார்த்த ஆய்வு உண்டு. டென்மார்க்கில் மாணவர் விடுதி அறைகளில் நடத்தி 2016-இல் வெளியிட்டார்கள். ஒரு கட்டத்தில் ஜன்னலை மூடியும் திறந்தும் பார்த்தார்கள். கார்பன் டை ஆக்சைடின் சராசரி மூடியபோது 2,585, திறந்தபோது 660. அடுத்த கட்டத்தில், சத்தமே கேட்காத ஒரு விசிறியை மாணவர்களுக்குத் தெரியாமல் ஓட்டியும் நிறுத்தியும் பார்த்தார்கள். நிறுத்தியபோது 2,395, ஓட்டியபோது 835. புதுக்காற்று வந்த இரவுகளில் தூக்கத்தின் தரமும், மறுநாள் தர்க்கச் சிந்தனைச் சோதனையில் பெற்ற மதிப்பெண்ணும் மேலாக இருந்தன. சிறிய ஆய்வுதான், ஒவ்வொரு கட்டத்திலும் இருபது பேர்கூட இல்லை. ஆனாலும் என் முன்னால் இருந்த அறைக்கு அந்த எண்கள் அப்படியே பொருந்தின. பிற்பாடு நான் சறுக்கியதற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம்.

ஐந்து காலைகளில் நான்கில் மனைவிக்குத் தலைவலி. அவர் தூக்கத்துக்குக் கொடுத்த சராசரி மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. கணவர் தினமும் நான்கு போட்டிருந்தார்.

கதவா, ஜன்னலா

முதலில் செலவில்லாத வழி, கதவைத் திறந்துவைத்தல். நான்கு இரவு. காலை உச்சம் 1,400-க்கு இறங்கியது. கூடத்தின் காற்றும் சேர்ந்துகொள்வதால் அறை பெரிதானது மாதிரி. மனைவிக்குத் தலைவலி இரண்டு காலைதான். ஆனால் பாட்டி இரவில் எழுந்து கூடத்து விளக்கைப் போடும்போதெல்லாம் குழந்தை விழித்தாள். ஏசியும் கூடத்தைச் சேர்த்துக் குளிர வைக்கப் பார்த்து ஓய்வில்லாமல் ஓடியது. கதவு திறந்திருந்தால் கணவன் மனைவிக்குத் தனிமை இல்லை என்பதை அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை நிரந்தர வழியாக நினைக்கவே முடியாது என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்து ஜன்னல். கொசுவலை அடித்து, மூன்று விரல் அகலத்துக்குத் திறந்து ஐந்து இரவு. உச்சம் 900-தான். காற்றைப் பொறுத்தவரை இதைவிட நல்ல விடை கிடையாது. தலைவலி ஐந்தில் ஒரு காலை. ஆனால் மனைவி தூக்கத்துக்குப் போட்ட மதிப்பெண் மறுபடி இரண்டு! விடியற்காலை நான்கு மணிக்கு லாரிகள் கிளம்புகின்றன. அந்தச் சத்தத்தில் விழித்தால் திரும்பத் தூக்கம் பிடிப்பதில்லை. சுத்திகரிப்பான் ஓடியும் பிஎம் 2.5 விடியும் நேரத்தில் 35, 40-ஐத் தொட்டது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் திருத்திய வழிகாட்டுதலில் 24 மணி நேரச் சராசரிக்கு 15 என்று வைத்திருக்கிறது. விடியற்காலை எண்ணை அந்தச் சராசரியோடு நேராக ஒப்பிடக்கூடாதுதான், ஆனாலும் போகும் திசை நன்றாக இல்லை. ஈரப்பதமும் 70-ஐத் தாண்டியது. மெத்தைத் தூசியில் வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளுக்கு 50 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தாலே கொண்டாட்டம்.

ஜன்னலைத் திறந்து தூங்குங்கள் என்ற அறிவுரை சாலையோர வீட்டில் வசிப்பவருக்கு அரை அறிவுரை. இந்த ஐந்து இரவும் அதைத்தான் காட்டின. காற்று நன்றாகி, தூக்கம் கெட்டது.

வீட்டின் பின்பக்கம் வழியாக

கூடத்தின் மறுமுனையில் உள்ள ஜன்னல் சாலைக்கு எதிர்ப்பக்கம். அங்கே சத்தம் இல்லை, நுண்துகளும் முன்பக்கத்தில் பாதிதான். ஆகவே காற்றை அந்த வழியாக உள்ளே வரவிட்டு, படுக்கையறை வழியாக இழுத்து, குளியலறையிலிருந்து வெளியே தள்ளுவது என்று முடிவு செய்தோம்.

குளியலறையில் ஏற்கெனவே இருந்த எக்ஸாஸ்ட் ஃபேன் வேகமாகவும் இரைச்சலாகவும் ஓடியது; அதை வைத்துக்கொண்டு யாரும் தூங்க முடியாது. அதை எடுத்துவிட்டு, குறைந்த வேகத்தில் இரவு முழுக்க ஓடக்கூடிய சிறிய விசிறி ஒன்றைக் குழாயின் நடுவில் பொருத்தினோம். எனக்கு வேண்டியது மணிக்கு 50, 60 கன மீட்டர் காற்று மட்டும். கணக்கு எளிது: மூன்று பேர் விடும் 33 லிட்டரை, கூடத்துக் காற்றைவிட 600 பிபிஎம் மட்டும் கூடுதலாக இருக்கும்படி கரைக்க வேண்டுமானால், மணிக்கு 55 கன மீட்டர் தேவை. கதவடி ரப்பர் பட்டையைப் பிய்த்துவிட்டு, கதவின் அடியை இரண்டு சென்டிமீட்டர் அறுத்தோம். கணவருக்கு அதில் மனசே இல்லை. "புதுக் கதவு சார்" என்றார் இரண்டு முறை.

இந்த வேலையில் ஓர் ஆபத்து உண்டு. வீட்டிலிருந்து காற்றை வெளியே இழுக்கும்போது, உள்ளே எரியும் கருவி எதாவது இருந்தால் அதன் புகை மேலே போகாமல் வீட்டுக்குள் திரும்பி வரும். எரிவாயு வெந்நீர்க் கருவி இருக்கும் குளியலறையில் நான் இதைச் செய்யவே மாட்டேன். இங்கே இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகுதான் கை வைத்தேன்.

நான்கு இரவு அளந்ததில் உச்சம் 1,150. பிஎம் 2.5 பதினைந்துக்குக் கீழே. சத்தம் இல்லை. மனைவிக்குத் தலைவலி ஒரு காலை, தூக்கத்துக்கு நான்கு. குழந்தை எழுந்து உட்காருவது இரவுக்கு ஒரு முறை, சில இரவு அதுவும் இல்லை. 18 இரவு, ஒரே குடும்பம். இதை வைத்துச் சதவீதம் போடுவது அபத்தம். ஆனால் அந்த வீட்டுக்கு முடிவெடுக்க இது போதும். ஆறாவது வாரம் கோப்பை மூடினேன்.

சாக்கடை வாசம்

பத்து நாள் கழித்து மனைவியிடமிருந்து அழைப்பு. அறையில் சாக்கடை நாற்றம்.

குளியலறைத் தரை வடிகாலுக்கு அடியில் ஒரு வளைவு இருக்கும், அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். கீழேயிருந்து வாயு மேலே வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அந்தக் குளியலறையின் மூலையில் யாரும் தண்ணீர் ஊற்றாத இரண்டாவது வடிகால் ஒன்று இருந்தது. இரவு முழுக்க விசிறி ஓடியதில் அங்கே நின்ற தண்ணீர் வற்றிவிட்டது. அதன் பிறகு விசிறி கூடத்திலிருந்து மட்டுமல்ல, சாக்கடையிலிருந்தும் காற்றை இழுத்திருக்கிறது. வாரம் ஒரு முறை அதில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றச் சொன்னேன். நாற்றம் அன்றே போனது. முதலிலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம். பார்க்கவில்லை.

நான்காவது மாதம்

மறுபடி மனைவிதான் அழைத்தார். தலைவலி மாதத்தில் ஒன்றிரண்டு முறையாகக் குறைந்துவிட்டது, பிள்ளை நன்றாகத் தூங்குகிறாள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "இவர்தான் சார் அப்படியே இருக்கார்" என்றார். முந்தைய வாரம் சிக்னலில் வண்டியை நிறுத்திய இடத்திலேயே கணவர் கண்ணயர்ந்துவிட்டாராம். பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் விழித்திருக்கிறார்.

"கருவி நல்ல நம்பர்தானே காட்டுது, அப்ப காத்து காரணமில்லன்னு விட்டுட்டோம்" என்றும் சொன்னார். அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான்.

பழைய குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்தேன். மனைவியின் குறிப்பேட்டில் "மற்றவை" கட்டத்தில், 18 இரவில் ஒன்பது இரவு, சின்ன எழுத்தில் இருந்தது: "இவர் குறட்டை." அதில் மூன்று இடத்தில்: "நடுவில் மூச்சு நின்ற மாதிரி, அப்புறம் திணறி விட்டார்." நான்கு விதமான இரவுகளிலும் அது இருந்தது. கதவு திறந்த இரவிலும், ஜன்னல் திறந்து 900 காட்டிய இரவிலும். காற்று மாறியபோது மாறாத ஒரே விஷயம். அளவீட்டு அட்டவணையில் நான் மற்ற எல்லாக் கட்டங்களையும் ஏற்றியிருந்தேன், இதை மட்டும் விட்டிருந்தேன். அது எண் இல்லையே.

காலையில் வாய் உலர்தல், பகலில் கண் சொருகல், உரத்த குறட்டை, நடுவில் மூச்சு நிற்றல், "எனக்கு எங்கே படுத்தாலும் தூக்கம் வரும்" என்ற பெருமை. தூக்கத்தில் மூச்சுத்தடையைச் சந்தேகிக்க இவ்வளவும் தேவையே இல்லை, பாதி போதும். அப்படிப்பட்டவர் இரவில் தான் விழிப்பதை உணர்வதில்லை. ஆகவே மதிப்பெண் கேட்டால் நான்கு என்றுதான் சொல்வார். தூங்குபவரையே அவர் தூக்கத்துக்குச் சாட்சியாக நான் வைத்திருந்தேன்.

நான் மருத்துவன் அல்ல. அவர்கள் ஒரு மருத்துவரைப் பார்த்தார்கள், ஓர் இரவு தூக்கப் பரிசோதனை நடந்தது. மணிக்கு 27 முறை மூச்சு தடைபட்டோ குறைந்தோ இருக்கிறது. ஐந்துக்குக் கீழ் இருந்தால் இயல்பு. 15 முதல் 30 வரை நடுத்தரம். தொண்டையின் மெல்லிய தசை தூக்கத்தில் தளர்ந்து மூச்சுவழியை அடைப்பதுதான் காரணம். அதற்கும் அறையின் காற்றோட்டத்துக்கும் சம்பந்தமில்லை. நான் எத்தனை விசிறி மாட்டியிருந்தாலும் அது நின்றிருக்காது. பரிசோதனை முடிவு வரும்வரை வண்டி ஓட்ட வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதை மட்டும் கணவர் கேட்டுக்கொண்டார் என்று மனைவி சொன்னார். ஐந்தாவது மாதம் முதல், முகமூடி வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியைப் போட்டுக் கணவர் தூங்குகிறார். முதல் இரண்டு வாரம் இரவில் கழற்றி எறிந்திருக்கிறார். பிறகு பழகிவிட்டது.

கடைசி அளவீடு

ஏழாவது மாதம் சும்மா ஒரு முறை போய் இரண்டு இரவு அளந்தேன். உச்சம் 1,700. எனக்கே ஆச்சரியம். விசிறி ஓடுகிறது, கதவடி இடைவெளி அப்படியே இருக்கிறது. மழைக்காலம் என்று பாட்டி கூடத்துப் பின் ஜன்னலை மாலையிலேயே சாத்திவிடுகிறார். காற்று உள்ளே வர வழியில்லை. விசிறி எவ்வளவு இழுத்தாலும், வருகிற வழி அடைபட்டால் பயனில்லை. இந்த ஏற்பாட்டில் பாட்டியின் பங்கு என்ன என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. மழைச் சாரல் அடிக்காத உயரத்தில், மேல்பக்கம் ஒரு சிறிய காற்றுத் துளையைத் திறந்து மூடி போட்டோம். அடுத்த இரவு 1,200. மனைவிக்குத் தலைவலி இல்லை. கணவருக்கு மதியத் தூக்கம் நின்றுவிட்டது. குறட்டைச் சத்தம் போய், குழந்தை முழு இரவும் தூங்குகிறாள். அவள் எழுந்து உட்கார்ந்ததில் காற்றின் பங்கு எவ்வளவு, அப்பாவின் குறட்டையின் பங்கு எவ்வளவு என்று இனி யாராலும் பிரிக்க முடியாது.

மறுபடி செய்தால் என்ன மாற்றுவேன்

அலமாரியைத் திறந்துவைக்கச் சொன்ன அறிவுரையை ஐந்து இரவு அளவீடு முடிந்த பிறகு சொல்லியிருப்பேன். இரண்டு மாற்றங்களை ஒன்றாகத் தொடங்கியதால், மனைவியின் தலைவலி குறைந்ததில் பலகைக் கசிவுக்கு எவ்வளவு, காற்றோட்டத்துக்கு எவ்வளவு என்று சொல்ல முடியாமல் போனது. மோனாக்சைடை முதலில் பார்த்ததை மாற்ற மாட்டேன். வடிகால்களை, விசிறி மாட்டும் நாளிலேயே ஒவ்வொன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பேன். இப்போது அப்படித்தான் செய்கிறேன். வீட்டில் ஜன்னலைச் சாத்துபவர் யாரோ அவரையும் உட்கார வைத்துத்தான் திட்டத்தை விளக்குகிறேன்.

கருவியை அவர்களிடம் விட்டுவரும்போது, எண் நன்றாக இருந்தும் ஒருவருக்கு இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியாவிட்டால் என்னை அழைக்க வேண்டாம், மருத்துவரிடம் போங்கள் என்று எழுதியே கொடுக்கிறேன். இந்தக் குடும்பத்துக்கு அப்படி எழுதிக் கொடுத்திருந்தால் இரண்டு மாதமாவது மிச்சமாகியிருக்கும், அந்தச் சிக்னலும் நடந்திருக்காது.

குறிப்பேட்டில் "மற்றவை" என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் பக்கத்தில் படுத்தவர் நிரப்ப வேண்டிய மூன்று கேள்விகள் இருக்கின்றன: குறட்டை இருந்ததா, நடுவில் மூச்சு நின்றதா, எத்தனை முறை.